இந்தக் காரின் வாயை மூட வேலூரில் ஆளே இல்லையா?

காலை ஐந்தே முக்கால். சாவியைத் திருப்பினேன். எதிர்வீட்டு வாசலில் பால் பாத்திரத்தோடு நின்றிருந்த பெரியவர், பாத்திரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். மூன்றாவது வீட்டில் கைக்குழந்தை வீறிட்டது. சத்துவாச்சாரியில் உள்ள நாய்கள் அத்தனையும் எங்கள் தெருவுக்கே குடிவந்துவிட்டனவோ என்று தோன்றும்படி ஒரு குரைப்பு. சத்தம் கொஞ்சம் அடங்கியதும் பெரியவர் கேட்டார்: "வாத்தியாரே, நீங்கள் கார் எடுக்கிறீர்களா, அதிர்வேட்டு விடுகிறீர்களா?"

என்னிடம் பதில் இல்லை. எட்டு மாதங்களாக என்னிடம் பதில் இல்லை. பதில் வைத்திருக்க வேண்டிய பட்டறைக்காரர்களிடமும் இல்லை. அந்த வயிற்றெரிச்சலைத்தான் இங்கே கொட்டப்போகிறேன்.

முதலில் காரைப் பற்றி. 1966ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் தயாரானது. 948 சி.சி. எஞ்சின், ஏறக்குறைய 35 குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு பையன் டியூஷனுக்கு ஓட்டிப் போகும் மோட்டார் சைக்கிளில்கூட இதற்கு நெருக்கமான திறன் இருக்கிறது. என் அப்பா வாலாஜாவில் தாலி கட்டப் போனது வாடகைக்கு எடுத்த ஒரு ஹெரால்டில்தான். அந்தப் பாசத்தில் மூன்று வருடச் சேமிப்பைக் கொட்டி இதை வாங்கினேன். விற்றவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் பித்து. 1962இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் கார், இதே ஹெரால்டின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கித்தான் கட்டப்பட்டது என்று எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். கேள்விப்பட்டது உண்மைதான். அதற்காக? ஹெரால்டின் கூரை நட்டு போல்ட்டில் நிற்பது, கழற்றினால் தனியாக வந்துவிடும். கழற்றிவிட்டார். பின்பக்கம் வரை நீண்டிருந்த புகைக்குழாயைப் பாதியில் அறுத்து, ஓட்டுநர் கதவுக்குக் கீழே இரண்டடி நீளத்தில் பளபளக்கும் ஓர் உருளையை மாட்டி, வாயை வெளியே நீட்டிவிட்டார். கூரை இல்லாத கார், காதுக்குக் கீழே குழாய். அதில் நான்.

இடப்பக்கமாகப் புகை விடக்கூடாது, வலப்பக்கமாகவோ பின்பக்கமாகவோதான் விட வேண்டும் என்பது நம் மோட்டார் வாகன விதி. நடைபாதையில் போகிறவரின் முழங்காலைக் காப்பாற்றும் நல்ல விதி. ஆனால் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவன் நான்தானே?

என் மனைவி இதில் கடைசியாக ஏறியது பொங்கலன்று. கோட்டைக்குப் போய்த் திரும்பும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதோ கோபம் என்று நினைத்து, வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சமாதானம் சொல்லத் தொடங்கினேன். "வழி முழுவதும் பேசிக்கொண்டுதானே வந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு கூப்பிட்டால் ஆட்டோவில் வருவதாகச் சொல்கிறாள்.

வேலூரைக் கேலி செய்ய ஒரு பழைய வரிசை உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று போகும். சாமி 1981இல் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில்கூட எப்போதாவது ஒரு மழைக்குத் தண்ணீர் ஓடிவிடுகிறது. காலியான அந்த இடத்தில் நான் ஒன்றைச் சேர்க்கிறேன்: சத்தம் குறைக்கத் தெரியாத பட்டறை.

முதல் பட்டறை தோட்டப்பாளையம் பக்கம். காரைப் பார்த்ததும் முதலாளி ஆக்சிலரேட்டரை நான்கு முறை மிதித்தார், கண்ணை மூடி ரசித்தார். "சார், இந்தச் சத்தம் வர வேண்டும் என்று பையன்கள் என்னிடம் காசு கொடுக்கிறார்கள். நீங்கள் குறைக்கச் சொல்கிறீர்களே!" என்றார். ஏதோ பெற்ற பிள்ளையைக் கிணற்றில் தள்ளச் சொன்னதுபோல ஒரு பார்வை. கடைசியில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைக் கைப்பிடி கைப்பிடியாக உருளைக்குள் திணித்து அனுப்பினார். இரண்டு நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் நார் வெந்து துருப்பொடியாகி, பழைய பஸ் நிலையத்துக்கு அருகே பின்னால் வந்த ஒருவரின் வெள்ளை வேட்டி மீது செம்மண் கோலம் போட்டது. வேட்டிக்கான காசு என்னுடையது. திட்டும் எனக்குத்தான்.

இரண்டாவது காட்பாடிப் பக்கம். இவர் தன்னம்பிக்கைக்காரர். "உள்ளே ஒரு தடுப்பு வைத்தால் முடிந்தது" என்றார். வைத்தார். எப்படிப்பட்ட தடுப்பு? கனமான இரும்புத் தகட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே ஓர் ஓட்டை போட்டு, குழாய்க்குள் செருகி, சுற்றிலும் வெல்டிங் வைத்துவிட்டார். சத்தம் குறைந்தது, மறுக்கவில்லை. மூச்சும் சேர்ந்து குறைந்தது. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏறியதும் கார் திணறி நின்றது. பின்னால் பஸ், அதன் பின்னால் கரும்பு லாரி, எல்லோரும் ஹாரன். புகை வெளியே போக வழியில்லாமல் எஞ்சின் சூடேறி, எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் இடத்து அடைப்பான மேனிபோல்டு கேஸ்கெட் வெடித்து, அந்த இடுக்கு வழியாக ஒரு புதுச் சத்தம் வரத் தொடங்கியது. பழைய சத்தம் தவில் என்றால் இது உறுமி. இரண்டும் சேர்ந்து வாசிக்க, வேலூர் வெயிலில், பாலத்தின் நடுவில், ஒரு இயற்பியல் ஆசிரியர் காரைத் தள்ளுகிறார். அந்த வழியாகப் போன பள்ளிப் பையன்கள் இருவர் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள்.

திரும்பிப் போய்க் கேட்டேன். "சத்தம் குறைந்ததா இல்லையா சார்?" என்று என்னையே கேட்டார். கழுத்தை நெரித்தாலும்தான் பேச்சு நிற்கும் ஐயா! அதற்குப் பெயர் வைத்தியமா?

மூன்றாவது பட்டறைக்காரர் குழாயைப் பாலிஷ் போட்டு, நுனியில் குரோம் வளையம் மாட்டி, 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். சத்தம் அப்படியேதான் இருந்தது. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? பதினொன்றாம் வகுப்புக் கணக்கு. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்பு. ஆக நொடிக்கு 100. அந்த 100 ஹெர்ட்ஸ்தான் நெஞ்சுக்கூட்டை உலுக்கும் 'தும்' என்ற அடிக்குரல். குழாய்க்குள் இருக்கும் சூடான வாயுவில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் போகிறது. அலைநீளம் 5 மீட்டர். அதில் கால்பங்கு நீளத்துக்கு, அதாவது ஒன்றேகால் மீட்டரில், மூடிய கிளைக்குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்தால், உள்ளே போய்த் திரும்பும் அலை எதிர் அலையாக வந்து அந்த அடிக்குரலைத் தின்றுவிடும். அல்லது பெரிய அறையாகக் கட்டி, அலையை விரியவிட்டு, சுவரில் மோதவிட்டுக் களைப்படையச் செய்யலாம். துளைத்தகட்டுக் குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு பொதிவது மூன்றாவது வழி. ஆனால் பஞ்சு தின்பது 'சர்ர்' என்ற கீச்சுக் குரலைத்தான். அடிக்குரல் அதற்குள் யானை முள்வேலியைக் கடப்பதுபோலக் கடந்துவிடும். அந்தப் பஞ்சும் நாளாவட்டத்தில் கருகிக் காற்றோடு போய்விடும், மாற்ற வேண்டும். இரண்டடி உருளைக்குள் இதில் எதற்கு இடம் இருக்கிறது?

தூரம் வேறு இருக்கிறது. பழைய குழாயின் வாய் என் காதிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருந்திருக்கும். இப்போது ஒரு மீட்டர்தான். இரண்டு மடங்கு நெருக்கம் என்றால், திறந்தவெளிக் கணக்கில் ஏறக்குறைய 6 டெசிபல் கூடுதல். 10 டெசிபல் ஏறினாலே காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். இதைப் பட்டறை வாசலில் சாக்பீஸால் எழுதியே காட்டினேன். "பாடம் நன்றாக நடத்துகிறீர்கள் சார்" என்றார்கள்.

எனக்குக் கோபம் உண்மையில் இவர்கள் அறியாமை மீது இல்லை. அமைதி வேண்டும் என்று கேட்பவனை இந்த ஊர் பார்க்கும் பார்வை மீதுதான். ராத்திரி பத்தரைக்குக் கிரீன் சர்க்கிள் பக்கம் நின்று பாருங்கள். சைலன்சருக்குள் இருப்பதை எல்லாம் உருவி எறிந்த புல்லட்டுகள் வரிசையாக வரும். அந்தப் பையன்களுக்குச் சத்தம்தான் மீசை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், இரவில் அங்கே 40 டெசிபல்தான் வரம்பு என்று 2000ஆம் ஆண்டு விதி சொல்கிறது. சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து நோயாளியோடு நடைபாதையில் படுத்திருக்கும் குடும்பங்களைக் கேளுங்கள், அந்த 40 எப்படி இருக்கும் என்று. ஒலி மாசு விதியை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 2019இல் சட்டத்தையே திருத்தினார்கள். என்னை ஒருமுறை நிறுத்தினார் ஒரு காவலர். அபராதம் கட்டிவிட்டு அந்த ரசீதைப் பட்டறைக்காரர் முகத்தில் நீட்டலாம் என்று கொஞ்சம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. அவர் காரைச் சுற்றி வந்தார். "சூப்பர் சவுண்டு சார்" என்று சொல்லி, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, போகச் சொல்லிவிட்டார்.

மாக்சிம் என்று ஓர் அப்பாவும் மகனும் இருந்தார்கள். அப்பா ஹிரம் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி செய்தவர். மகன் ஹிரம் பெர்சி மாக்சிம் துப்பாக்கிக்குச் சைலன்சர் செய்து 1909இல் காப்புரிமை வாங்கினார், கார் எஞ்சின்களின் சத்தத்தை அடக்கும் வேலையிலும் இறங்கினார். ஒரு தலைமுறை போட்ட சத்தத்தை அடுத்த தலைமுறை அடக்கியது. வேலூரில் மகன் இன்னும் பிறக்கவில்லை.

இப்படித்தான் போன மாதம்வரை நினைத்திருந்தேன். பிறகு ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒருவரைப் பிடித்தேன். கார் மெக்கானிக் இல்லை. பெயர்ப்பலகைகூட இல்லாத கொட்டகை. தோல் தொழிற்சாலைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் ஜெனரேட்டர் சைலன்சர் செய்கிறவர். மின்வெட்டுக் காலத்தில் தூக்கம் இல்லாமல் வேலை செய்ததாகச் சொன்னார். என் காரை அவர் மிதிக்கச் சொல்லவில்லை. மெதுவாக ஏற்றச் சொன்னார். குழாயில் கை வைக்காமல், கொஞ்சம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார். "எந்த வேகத்தில் காது அதிகமாக அடைக்கிறது சார்?" என்றார். எட்டு மாதத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தொண்டை அடைத்தது.

"இந்த உருளையில் எதுவும் நடக்காது. கழற்றிவிடுங்கள். குழாயில் இரண்டு பெட்டி வைத்து, முன்பெட்டியில் அறை கட்டி அடிக்குரலை எடுக்கலாம், பின்பெட்டியில் பஞ்சு வைத்துக் கீச்சை எடுக்கலாம். குழாய் பின்னால்தான் போக வேண்டும், கம்பெனிக்காரன் வைத்தமாதிரி" என்றார். நான் சாக்பீஸை எடுக்கவே இல்லை.

ஆனால் அவரும் பழைய வேலூர் மாவட்டத்துக்காரர்தானே, வட ஆற்காட்டு மண். "சனிக்கிழமை வாருங்கள்" என்றார். போனேன். தகடு வரவில்லை. அடுத்த சனி, வெல்டர் வீட்டில் காதுகுத்து. அதற்கடுத்த சனி கொட்டகையே பூட்டு. தொலைபேசியில் பிடித்தால் ஒரு மண்டபத்தில் ஜெனரேட்டர் கத்துகிறதாம், முகூர்த்தமாம், ஓடியிருக்கிறார். சத்தம் குறைக்கத் தெரிந்த ஒரே ஆளை ஊர்ச் சத்தம் முழுவதும் இழுத்துக்கொண்டிருக்கிறது!

நாளை நான்காவது சனிக்கிழமை. ஏழு மணிக்குக் கொட்டகையில் இருக்க வேண்டும், ஆறுக்கு முன் கிளம்ப வேண்டும். நேற்றிரவு எதிர்வீட்டுக்குப் போய், "இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். பெரியவர் யோசித்தார். மூன்றாவது வீட்டுக் குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இப்போதுதான் தூங்குகிறது என்றார். ஆகவே தெருமுனைவரை எஞ்சினைப் போடாமல் காரைத் தள்ளிக்கொண்டு போவதாக முடிவு. ஏறக்குறைய 800 கிலோ. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கதவோரம் தள்ளுவேன், மனைவி பின்னால் ஒரு கை.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் பெரியவர். "ஐந்தரைக்கு" என்றேன்.

"பால் வாங்கிவிட்டு வருகிறேன், இருங்கள். நானும் தள்ளுகிறேன்."