கட்டும் தேதி மட்டும் போதாது, ஸ்டேட்மென்ட் தேதியையும் பாருங்கள்
'கிரெடிட் கார்டு பில்லைக் கடைசித் தேதிக்குள் முழுவதும் கட்டினால் போதும், கிரெடிட் ஸ்கோர் (கடன் தருவோர் பார்க்கும் மதிப்பெண்) தானாக ஏறும்' என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது பாதிதான் சரி. வட்டி வராது, தாமதப் பதிவும் விழாது, அது உண்மை. ஆனால் கார்டு நிறுவனங்கள் பல சமயம் கிரெடிட் பீரோவுக்கு (ஸ்கோரைக் கணக்கிடும் நிறுவனத்துக்கு) அனுப்புவது ஸ்டேட்மென்ட், அதாவது மாத பில், போடும் நாளில் நிற்கும் பாக்கியை. 1,00,000 வரம்புள்ள கார்டில் 85,000 செலவு, 5ஆம் தேதி ஸ்டேட்மென்ட், 25ஆம் தேதி மொத்தமும் கட்டியாயிற்று என்றாலும் அப்போது அறிக்கையில் ஏறுவது 85 சதவீதப் பயன்பாடுதான் (வரம்பில் பாக்கி எத்தனை சதவீதம் என்பதே பயன்பாடு; அது கூடினால் ஸ்கோர் குறையும்). ஸ்டேட்மென்டுக்கு மூன்று நான்கு நாள் முன்பே 65,000 கட்டிவிடுங்கள் (பணம் வரவாக இரண்டு நாள் பிடிக்கலாம்). பதிவாவது 20 சதவீதம். மீதியைக் கடைசித் தேதிக்குள் கட்டினால் வட்டியும் கிடையாது. அடுத்த ஓரிரு மாதத்தில் பெரிய கடன் கேட்கப் போகிறவர்களுக்கு இது மிக முக்கியம். சிலர் பயன்படுத்தாத பழைய கார்டை மூடச் சொல்கிறார்கள். ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு என்றால் தயவுசெய்து மூடாதீர்கள். 1,00,000, 50,000 என இரண்டு கார்டு, பாக்கி 30,000 என்றால் பயன்பாடு 20 சதவீதம். பயன்படுத்தாத பெரிய கார்டை மூடிய மறுமாதமே, ஒரு ரூபாய்கூட அதிகம் செலவழிக்காமல், அது 60 சதவீதமாகிவிடும்.