மூன்றாவது நாளை வகுப்பறையில் வையுங்கள்

போன கிழமை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. விசேட கல்வி, உட்படுத்தல் கல்வி (எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துப் படிப்பிப்பது) பற்றி ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு மூன்று நாள் செயலமர்வு, கொழும்பிலிருந்து நிபுணத்துவ ஆலோசகர்கள் வருகிறார்கள், பாடசாலைக்கு ஒருவர் கட்டாயம் சமூகமளிக்க வேண்டும் என்று இருந்தது. அதிபர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், போன முறையும் நீங்கதானே போனது? இந்த முறையும் நீங்களே போயிற்று வாங்க." சரி என்றேன். போகத்தான் போகிறேன். அதற்கு முன் பல நாளாக மனதில் கிடப்பதை எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலையில் தரம் 3 படிப்பிக்கிறேன். பதினாறு வருடமாக ஆரம்பப் பிரிவுதான். இந்தக் காலத்தில் இப்படியான பயிற்சிகள் எட்டோ ஒன்பதோ போயிருப்பேன். சான்றிதழ்கள் ஒரு கோவை நிறைய இருக்கின்றன. அவற்றால் பயனே இல்லை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆட்டிசம் என்றால் என்னவென்று ஒரு மண்டபத்தில் இருந்துதான் முதலில் விளங்கிக்கொண்டேன். அதற்கு முன் அப்படிப்பட்ட பிள்ளையை "ஒரு மாதிரியான புள்ள" என்று சொல்லிக் கடைசி வாங்கில் இருத்திவிடுவோம். அடம்பிடிக்கிற பிள்ளைக்கும் சத்தம் தாங்க முடியாமல் காதைப் பொத்துகிற பிள்ளைக்கும் வித்தியாசம் சொல்லித்தந்த ஆலோசகர்களுக்கு நான் இன்றும் நன்றியோடுதான் இருக்கிறேன்.

ஆனால் என்னை மாற்றியது அந்த மண்டபம் இல்லை. ஒரே ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம்.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. தாய் குவைத்தில், அம்மம்மாதான் வளர்க்கிறா. சத்தமில்லாத பிள்ளை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாள், சில நேரம் திரும்பமாட்டாள். சொல்வதெழுதுதலில் பத்துக்கு மூன்று எடுப்பாள். ‘சட்டி’ என்றால் ‘தட்டி’ என்று எழுதுவாள். அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் "கவனம் போதாது" என்று என் கையால் இரண்டு தவணை எழுதியிருக்கிறேன்.

அந்த வருடம் நடந்த பயிற்சியில் மூன்று ஆலோசகர்கள். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, எழுபது வயதை நெருங்கியவர், தமிழர். தேநீர் நேரத்தில் என்னிடம், "உங்கட ஸ்கூல் எவ்வளவு தூரம் மகள்?" என்று கேட்டார். மறுநாள் காலையில் வாவியைக் கடக்கிற மண்முனைப் பாலத்தால் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். அந்தப் பாலம் 2014இல் திறக்காமல் இருந்திருந்தால் அவரும் ஒருவேளை வந்திருக்கமாட்டார். பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றைப் பின்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குறிப்பெடுக்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை மணி அடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "மகள், நீங்க கரும்பலகையில எழுதிக்கொண்டே கதைக்கிறீங்க. உங்கட முகம் அங்கால திரும்பின உடனே அந்தப் பிள்ளை தலையைக் குனியுது. நீங்க திரும்பினாப் பிறகுதான் நிமிருது."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அந்தப் பிள்ளை என் வாயைப் பார்த்துத்தான் இவ்வளவு நாளும் படித்திருக்கிறாள். நான் முதுகைக் காட்டிய நேரமெல்லாம் அவளுக்குப் பாடம் நின்றுபோயிருக்கிறது. அவர் ஒரு கொப்பியை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டு பத்துச் சொற்களைச் சாதாரணக் குரலில் சொன்னார். பிள்ளை நான்கைத்தான் சரியாகத் திருப்பிச் சொன்னாள். அம்மம்மாவை வரச்சொல்லிக் கதைத்தேன். இரண்டு பஸ் மாறி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனா. இரண்டு காதிலும் கேட்டல் குறைவு என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது நான் சொல்லவருவதைக் கேளுங்கள். கேட்டல் குறைபாடு பற்றிய பயிற்சியில் அதற்கு முன்பே இரண்டு தடவை நான் இருந்திருக்கிறேன். "பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்" என்று அச்சடித்த தாள் என் கோவையில் இருந்தது. அதை நான் மற்ற டீச்சர்மாருக்கு வாசித்தும் காட்டியிருக்கிறேன். அப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் அப்படிச் செய்யவில்லை என்பதுதான் எனக்குத் தெரியாது. எந்த மண்டபத்தில் எவ்வளவு பெரிய நிபுணர் வந்து பேசினாலும் அது எனக்குத் தெரிந்திருக்காது. என் வகுப்பில் வந்து இருந்து என்னைப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

பிறகு தேடி வாசித்தபோது இது எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று விளங்கியது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜோய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் ஆசிரியர் பயிற்சி பற்றிப் பல வருடம் வேலை செய்தவர்கள். கோட்பாட்டைக் கேட்டு, செய்துகாட்டுவதைப் பார்த்து, பயிற்சி இடத்திலேயே செய்து பழகினாலும் நூற்றில் ஐந்து ஆசிரியர்கள் அளவில்தான் அதை வகுப்புக்குக் கொண்டுபோவார்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு. கூடவே இருந்து வகுப்பறையில் வழிகாட்டும்போது அது 95 வரை போகும் என்கிறார்கள். அந்தக் கணக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் அப்படியே பொருந்துமா என்பது வேறு விடயம். என் அனுபவம் அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

அடுத்தது மொழி. இதில் எனக்கு உண்மையாகவே கவலை இருக்கிறது. வாசிப்பு இடர்பாடு பற்றிய பயிற்சி என்றால் திரையில் வருவது ஆங்கில எழுத்து. ‘b’யையும் ‘d’யையும் பிள்ளை மாற்றி எழுதுவதைக் காட்டுவார்கள். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் முறைப்படி தொடங்குவதே தரம் 3இல்தான். அதற்கு முன்பே தமிழில் அவர்கள் திணறிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திணறல் வேறு மாதிரி.

இந்த வருடம் என் வகுப்பில் இருக்கும் ஒரு பையன் ‘கொடி’ என்ற சொல்லை ‘கெரடி’ என்று வாசிக்கிறான். முதல் நாள் ஏனென்று பிடிபடவில்லை. அவன் விரலைப் பிடித்து எழுத்தெழுத்தாக நகர்த்தியபோதுதான் தெரிந்தது. வாய் முதலில் ‘க்’ என்கிறது, கண்ணுக்கு முதலில் படுவதோ கொம்பு. கொம்பையும் ககரத்தையும் சேர்த்துக் ‘கெ’ என்று வாசித்துவிடுகிறான். பிறகு வருகிற அரவு (‘ா’) அவனுக்கு அச்சில் ‘ர’ மாதிரியே தெரிகிறது. அவன் கண்டதைக் கண்டபடி வாசிக்கிறான். ஒரு எழுத்தின் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நின்று நடுவில் ஒலியைப் பிடித்திருக்கிறது என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆங்கிலப் பயிற்சித் தாளில் இதற்கு எங்கே இடம்?

இன்னொன்றும் உண்டு. நம் ஊர்ப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் ஒலிக்கும். பிள்ளை வீட்டில் "வாறான்" என்பான், புத்தகத்தில் ‘வருகிறான்’ என்று இருக்கும். ‘பழம்’ என்பதை ‘பளம்’ என்று எழுதுகிற பிள்ளைக்கு இடர்பாடு இருக்கிறதா, ஊர்ப் பேச்சை அப்படியே எழுதுகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தமிழ் தெரிந்த, இந்த மண்ணின் பேச்சும் தெரிந்த ஒருவர் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்று வசனத்துக்கு வசனம் சொன்னால் ஒரு நாள் பயிற்சி அரை நாளாகிறது. அது கூடப் பரவாயில்லை. தமிழ்ப் பிள்ளை தமிழ் வாசிப்பதில் எங்கே தடுக்குகிறது என்ற கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இருக்காது. அதுதான் பெரிய குறை.

நிபுணர்கள் வெளியிலிருந்து மட்டும்தான் வர வேண்டுமா என்றும் கேட்கத் தோன்றுகிறது. நம் மாவட்டத்திலேயே விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கென்று ‘தரிசனம்’ பாடசாலை இருக்கிறது, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கென்று ‘வாழ்வோசை’ பாடசாலை இருக்கிறது. பிரெயிலும் சைகையும் தினமும் கையாள்கிற ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். பார்வையில்லாமல் படித்துப் பட்டம் பெற்றவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 24ஆவது உறுப்புரை, மாற்றுத்திறன் கொண்ட ஆசிரியர்களையும் வேலைக்கு அமர்த்த வேண்டும் என்றே சொல்கிறது. ஆனால் நான் போன எட்டு ஒன்பது பயிற்சிகளில் ஒன்றில் கூடப் பயிற்சி தருகிற வளவாளராக ஒரு பார்வையற்ற ஆசிரியர் வந்து நின்றதில்லை. வகுப்பில் எது உதவியது, எது மனதை நோகடித்தது என்று அவரைப் போல் எங்களுக்குச் சொல்லித்தர வேறு யாரால் முடியும்?

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு இயலாமை இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் சாதாரணப் பாடசாலையிலேயே சேர்த்துப் படிப்பிக்க வேண்டும் என்று ஸ்பெயினின் சலமன்காவில் உலக நாடுகள் கூடிச் சொன்னது 1994இல். ஐந்திலிருந்து பதினாறு வயது வரை நம் நாட்டில் கல்வி கட்டாயம். உரிமையெல்லாம் எழுத்தில் இருக்கிறது. பிள்ளையும் வாசலுக்கு வந்துவிட்டது. வாசலில் நிற்கிற எனக்குத்தான் கை போதவில்லை.

நான் பேசிப் பார்த்த ஒரு அதிகாரி நியாயமான ஒரு கேள்வி கேட்டார். ஆலோசகர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள், ஒவ்வொரு பாடசாலைக்கும் எப்படிப் போவது? எல்லாப் பாடசாலைக்கும் போகச் சொல்லவில்லை. மூன்று நாளில் இரண்டு நாள் மண்டபத்தில் வையுங்கள், மூன்றாவது நாள் பக்கத்துப் பக்கத்தில் உள்ள நாலைந்து பாடசாலைகளுக்கு வாருங்கள். வரும்போது எங்கள் வலயத்தின் ஆசிரிய ஆலோசகரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நிபுணர் எதைப் பார்க்கிறார், எப்படிக் கேட்கிறார் என்று அவர் பக்கத்தில் இருந்து பழகட்டும். நிபுணர் கொழும்புக்குப் போன பிறகும் அந்தக் கண் இங்கே இருக்கும். அடுத்த தவணை ஒருமுறை திரும்பி வாருங்கள். அந்த இரண்டாம் வரவு இல்லாததால்தான் நாங்கள் தொடங்குகிற எதுவும் இரண்டு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை.

அதிபர்களையும் கூப்பிடுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஜன்னல் வரை நடந்துவிட்டு வந்தால்தான் அடுத்த கணக்கைச் செய்வான். அதை நான்தான் அனுமதித்திருக்கிறேன். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது ஒழுங்கில்லாத வகுப்பு. பயிற்சி எடுத்த ஆசிரியரை அடுத்த ஜனவரியிலேயே இடமாற்றம் செய்து மேல் வகுப்புக்குப் போடுவதையும் நிறுத்த வேண்டும். என்னோடு படித்த ஒருவர் விசேட கல்வியில் ஒரு வருடம் பயிற்சி எடுத்துவிட்டு இன்று தரம் 9க்கு வரலாறு படிப்பிக்கிறார்.

சுனாமிக்குப் பிறகு கல்முனையிலும் இங்கேயும் நடந்த பயிற்சிகளைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வந்தவர்கள் நல்லவர்கள், மனதாரத்தான் செய்தார்கள். திட்டக் காலம் முடிந்ததும் போய்விட்டார்கள். பதாகைகள் மட்டும் களஞ்சிய அறையில் கிடந்தன.

மூன்றாவது நாளைப் பாடசாலைகளில் வைக்கும்படி கேட்டு அதிபர் மூலம் வலயத்துக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் முதல் நாள் காலை 6.40 பஸ்ஸில் ஏறிவிடுவேன். ‘கெரடி’ என்று வாசித்த பையனின் வாசிப்புப் புத்தகத்தையும் சொல்வதெழுதுதல் கொப்பியையும் பைக்குள் வைத்திருக்கிறேன். தேநீர் நேரத்தில் ஆலோசகர்களிடம் அவற்றை விரித்துக் காட்டப் போகிறேன். பார்த்துவிட்டு அவர்களில் ஒருவராவது எங்கள் பாடசாலை எவ்வளவு தூரம் என்று கேட்டால், கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.