இன்டரப்ட் மட்டும் போதாது
டைமர் இன்டரப்ட்டை (குறித்த நேரத்தில் முதன்மை நிரலை இடைநிறுத்தி ஒரு சிறு பணியை ஓடவைக்கும் வசதியை) பயன்படுத்தினாலே, படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாருக்கான பல்ஸ்கள் (ஒவ்வொரு படிக்குமான மின்துடிப்புகள்) நேரம் தவறாமல் போய்விடும் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் 16 மெகாஹெர்ட்ஸ் ஏவிஆர் சிப்பில் ஓர் இன்டரப்ட் ஓடும்போது மற்றவை, நாமே அனுமதித்தாலொழிய, காத்திருக்கத்தான் வேண்டும்; சீரியல் வழியாக ஓர் எழுத்து வந்தாலே அடுத்த பல்ஸ் தள்ளிப்போகக்கூடும். நான் எழுதிய முதல் நிரலில் முடுக்கத்துக்கான வகுத்தல் கணக்கை இன்டரப்ட்டுக்குள்ளேயே வைத்திருந்ததால், வேகம் கூடியதும் மோட்டார் படிகளைத் தவறவிட்டது. 30 கிலோஹெர்ட்ஸில் ஒரு பல்ஸுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 533 கடிகாரச் சுழற்சிகள்தாம். தசம எண் வகுத்தல் ஒன்றே அவற்றில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கணினிவழி இயங்கும் வெட்டு இயந்திரங்களுக்கான ஜிஆர்பிஎல் என்ற திறந்தமூல நிரல் செய்வதைப் போல, வேகத் திட்டமிடலை முதன்மை நிரலில் முன்கூட்டியே முடித்து, இன்டரப்ட்டுக்குக் கூட்டலையும் ஒப்பீட்டையும் மட்டும் விட்டுவைத்த பிறகே என் இயந்திரம் சீராக ஓடியது.