சிரமத்துக்கு வருந்துகிறோம்

கிளார்க்: கேஒய்சி, அதாவது உங்கள் அடையாள விவரம், புதுப்பிக்கவில்லை அம்மா, அதனால்தான் கணக்கு நிற்கிறது. மெயில் அனுப்பினோமே?

அம்மா: வந்தது. அழித்துவிட்டேன்.

கிளார்க்: ஐயோ, ஏன்?

அம்மா: உங்கள் தலைக்கு மேலே போர்டு தொங்குகிறதே, படியுங்கள்.

கிளார்க்: 'வங்கியின் பெயரில் வரும் லிங்க்கை அழுத்தாதீர்கள்.' அது போலி மெயிலுக்கு. இது நாங்களே அனுப்பியது!

அம்மா: 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று இருந்தது, என் பெயரைக் காணோம். உடனே செய்யாவிட்டால் கணக்கு முடங்கும் என்று மிரட்டல் வேறு. நான் போஸ்ட் ஆபீஸில் தபால் பிரித்தவள் தம்பி, அனுப்புநர் விலாசத்தைப் பார்க்காமல் விடமாட்டேன். மேலே உங்கள் பெயர். அட் குறிக்கு அப்புறம் வேறு யாரோ.

கிளார்க்: மெயில் அனுப்பும் வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறோம்.

அம்மா: அது போர்டில் இல்லையே. லிங்க் மேல் விரலை வைத்துப் பிடித்தேன், முகவரி தெரிந்தது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கித் தளமும் 'டாட் பேங்க் டாட் இன்' ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உங்களுடையது வாயில் நுழையாத எழுத்தாக இருந்தது.

கிளார்க்: அது சுருக்கின லிங்க்...

அம்மா: அதைக்கூட விட்டுவிடலாம். கடைசியில் 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு வரி. சத்தியமாக இது நம் வங்கி இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கிளார்க்: நாங்களும் வருந்துவோம் அம்மா.

அம்மா: பாஸ்புக் மெஷின் எத்தனை நாளாகப் பழுது? யார் வருந்தினீர்கள்?

கிளார்க்: சரி, ஆதார் ஜெராக்ஸ் கொடுங்கள்.

அம்மா: நவம்பரில் நேரில் வந்து, உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிக் கையெழுத்தும் போட்டேனே?

கிளார்க்: அது ஆயுள் சான்றிதழ். வேறு ஃபைல்.

அம்மா: உயிர் ஒரு ஃபைல், ஆள் ஒரு ஃபைலா?

கிளார்க்: மோசடி நடந்தால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். அந்த விழிப்புணர்வு இருந்தால் போதும்.

அம்மா: செய்திருப்பேன். பணம் திருடனிடம் போகவில்லையே, உங்களிடம்தானே மாட்டியிருக்கிறது! ஏமாறாதே என்று தினம் குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள். அப்புறம் ஏமாற்றுகிறவன் மாதிரியே மெயில். அவன் உங்களிடம் படித்தானா, நீங்கள் அவனிடமா?

கிளார்க்: சர்வர் படுத்துவிட்டது. சாப்பாட்டு நேரம் முடிந்து வாருங்கள்.

அம்மா: இதோ, இதுதான் நம் வங்கி! மெயிலில் இப்படி எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது.