உடைந்த பெஞ்சை எடுத்துவிடாதீர்கள், சரிசெய்யுங்கள்

2019 நவம்பரில் தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தபோது, அகலமான நடைபாதையைவிட உட்கார இடம் போட்டிருந்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். கையில் காசில்லாமல் சென்னையில் எங்கே போய் உட்கார முடியும்? முழங்கால் வலியோடு கடைக்கு வரும் பாட்டிகள், வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகும் வழியில் ஐந்து நிமிஷம் காலை நீட்டும் ஜவுளிக்கடைப் பெண்கள் எல்லோருக்கும் அது வேண்டும். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்குக் கடைக்குள் இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் சட்டத்தையே திருத்திய மாநிலம் இது. அந்த உரிமை கடை வாசலோடு முடிந்துவிடக் கூடாது.

போடுவதில் இருக்கும் ஆர்வம் பராமரிப்பதில் இல்லை. எங்கள் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், புங்க மரத்தடியில் ஒரு கடப்பா கல் பெஞ்ச். மூலை உடைந்து, சிமெண்ட் பெயர்ந்த காலில் துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. புடவை மாட்டிக் கிழியும். உட்கார்ந்தால் ஒரு பக்கம் ஆடும். ஒரு கொத்தனாரும் சித்தாளும் அரை நாளில் முடிக்கிற வேலை. மாநகராட்சியில் கேட்டால், பழுதுபார்க்கத் தனியாக நிதி இல்லையாம்.

இதற்கு நடுவில் தெருக்காரர்களே சிலர், "குடிக்கிறவங்க வந்து உட்கார்றாங்க, எடுத்துடச் சொல்லுங்க" என்கிறார்கள். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. குடிப்பவர் வேறு இடம் தேடிக்கொள்வார். மூச்சு வாங்க நிற்கும் கர்ப்பிணி எங்கே போவாள்? கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கிவைத்து இளைப்பாறச் சுமைதாங்கிக் கல் நட்டுவைத்த ஊர்க்காரர்கள் நாம். விளக்கு எரியட்டும், குப்பை தினம் அள்ளட்டும். நாலு பேர் புழங்கும் இடத்தில் குடிக்க யாரும் உட்கார மாட்டார்கள்.

சரிசெய்யும்போது கொஞ்சம் யோசித்தும் செய்யலாம். நிழல் இல்லாத இடத்தில் இரும்பிலோ கருங்கல்லிலோ இருக்கை போட்டால் நம் வெயிலுக்கு மத்தியானம் தொடக்கூட முடியாது. சாய்மானமும் கைப்பிடியும் இல்லாவிட்டால் வயதானவர்கள் உட்கார்ந்தாலும் எழுந்திருக்க முடியாது. மரத்தின் அடி வரைக்கும் சிமெண்ட் பூசினால் தண்ணீர் இறங்காது. மரம் போனால் நிழலும் போச்சு. சக்கர நாற்காலி போக வழியும் விட வேண்டும்.

வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையின் அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப்போவது இதைத்தான்: வார்டில் உள்ள ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு எண் எழுதுங்கள், பழுதுபார்க்க வருஷா வருஷம் ஒரு தொகை ஒதுக்குங்கள், உடைந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெஞ்சிலேயே எழுதிவையுங்கள். உங்கள் தெருவிலும் கேளுங்கள்.