கழித்தீங்களா?

அம்மா: நாய் எத்தனை கிலோ சார்?

சார்: 96.

அம்மா: கழித்தீங்களா?

சார்: நானா?

அம்மா: பின்னே நாயா கழிக்கும்?

சார்: நாய்தான் கழிக்கும். காலையில் ஆறு மணிக்கு, எதிர் ஃபிளாட் மாமி கோலம் போடுகிற இடத்தில்.

அம்மா: சார், நான் கணக்கைக் கேட்கிறேன்.

சார்: கணக்கா? காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. மாமி ஊருக்குப் போனால் பகலிலும் உண்டு.

(சென்னை வேப்பேரி. கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை. உள்ளே கடைக்கார அம்மா, எதிரே மாத்திரை வாங்க வந்த சார். உண்ணிப் பவுடர் வாங்கப் போன நான் மூன்றாவது ஆளாக நிற்கிறேன். என் முன்னால் நின்றவர் கையில் ஒரு பூனைக்கூடை. உள்ளேயிருந்த பூனைகூட இந்தப் பேச்சைக் கேட்டுக் கத்துவதை நிறுத்திவிட்டது.)

அம்மா: நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினீங்க இல்லையா? வந்த எடையில் ஆளுடைய எடையைக் கழித்தால் மிச்சம்தான் நாய். பூச்சி மாத்திரை பத்துக் கிலோவுக்கு ஒன்று. 96 கிலோ என்றால் அது நாய் இல்லை, கன்றுக்குட்டி. அதற்கு அந்தப் பக்கத்து அலமாரி.

சார்: ஓ, அந்தக் கழித்தலா! கழித்துக்கோங்க, எனக்கென்ன.

அம்மா: உங்க எடை?

சார்: என் எடை எதற்கு? தூக்கினது நான் இல்லையே.

அம்மா: யார் தூக்கினது?

சார்: வாட்ச்மேன். எனக்கு முதுகு ஒத்துக்காது. நான் நம்பரை போட்டோ எடுத்தேன். பாருங்க.

(பார்த்தோம், நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி மெஷின், அதில் 96. மேலே தேய்ந்த ரப்பர் செருப்பு ஒன்று, வாரில் ஊக்கு குத்தியது. இன்னொரு செருப்பை நாயின் வால் மறைத்திருந்தது.)

அம்மா: வாட்ச்மேன் எத்தனை கிலோ?

சார்: அது எனக்கு எப்படித் தெரியும்?

அம்மா: நாய் எத்தனை கிலோ என்று தெரியாது. ஆள் எத்தனை கிலோ என்றும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் மட்டும் தெரியும். பேசாமல் நாயைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வாங்க சார். அங்கே தரையோடு எடை மேடை இருக்கு, அதுவே ஏறி நிற்கும். யாரையும் கழிக்க வேண்டாம்.

சார்: இங்கே பார்க்கிங் கிடைக்காதும்மா.

அம்மா: அது 1903-இல் ஆரம்பித்த கால்நடைக் காலேஜோட ஆஸ்பத்திரி. அப்போதே வந்திருந்தால் கிடைத்திருக்கும்.

சார்: ஒரு குத்துமதிப்பாகக் கொடுங்களேன்.

அம்மா: சரி, ரேபிஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீங்க?

சார்: அதெல்லாம் குட்டியாக இருக்கும்போதே போட்டாச்சு.

அம்மா: ஒரு தடவை குத்தித் தழும்போடு முடிய இது அம்மைக் குத்தா? வருஷா வருஷம் போடணும். மாநகராட்சி லைசென்ஸுக்குப் போனால் அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பாங்க. ஊசி அட்டை யாரிடம் இருக்கு?

சார்: (கொஞ்சம் யோசித்து) வாட்ச்மேனிடம் கேட்கணும்.

(எங்கள் தெருவில் மூன்று லேப்ரடார்கள் உண்டு. விடிகாலையில் மூன்றையும் நடத்திக் கூட்டிப் போவது மூன்று வாட்ச்மேன்கள். சொந்தக்காரர்களின் முகம் அந்த நாய்களுக்கு அடையாளம் தெரியுமா என்பது என் நெடுநாள் சந்தேகம்.)

அம்மா: என்ன சாப்பிடுது?

சார்: ஸ்ட்ரிக்ட் டயட். காலையில் ஒரு கப், சாயங்காலம் ஒரு கப் நாய்த்தீனி. அளந்துதான்.

அம்மா: வேறு?

சார்: வேறு ஒன்றும் கிடையாது. பையன் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது நாலு பிஸ்கட் போடுவான், அது சாப்பாட்டில் சேராது. எங்க அம்மா தயிர்சாதத்தில் ஒரு வாய், அது பாசம். வெள்ளிக்கிழமை பாயசம், அது பிரசாதம்.

அம்மா: பாயசத்தில் திராட்சை உண்டா?

சார்: தாராளமாக. முந்திரி பையனுக்கு. திராட்சை அவனுக்குப் பிடிக்காது, பொறுக்கிப் பொறுக்கி புருனோவுக்கு.

(அம்மா கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார்.)

அம்மா: திராட்சை நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சார். பச்சையானாலும் காய்ந்ததானாலும். எத்தனை தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. ஒரு நாய் தின்றுவிட்டு வாலை ஆட்டும், இன்னொன்று படுத்துவிடும்.

சார்: இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே?

அம்மா: ஹெல்மெட் போடாதவரும் இதையேதான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை?

சார்: பிரியாணி. ஆனால் சாதம் கொடுக்க மாட்டோம், கார்போஹைட்ரேட். எலும்பு மட்டும்.

அம்மா: வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடையும். தொண்டையிலோ குடலிலோ குத்தினால் ஆபரேஷன். பிரியாணியில் வெங்காயம் வேறு, அது ரத்தத்துக்கு ஆகாது.

சார்: நாய்க்கு எலும்பு போடாமல் வேறு யாருக்கும்மா போடுவது? தட்டில் மிச்சமானது வீணாகக் கூடாதே என்றுதான்...

அம்மா: அப்படியானால் நீங்க வளர்ப்பது நாய் இல்லை, குப்பைத்தொட்டி. அதற்கு மாநகராட்சி வேறு லைசென்ஸ் தரும்.

(பூனைக்கூடைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். சார் திரும்பி முறைத்துவிட்டு, செல்போனை எடுத்தார்.)

சார்: ஹலோ, அண்ணே, உங்க எடை என்ன? ...எடைண்ணே, எடை. ...ஐயோ, வேலையை விட்டு எடுக்க இல்லை. ...சங்கத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாய் மாத்திரைக்கு. ...இல்லை, மாத்திரை உங்களுக்கு இல்லை. (எங்களிடம்) 51-ஆம்.

அம்மா: 96-இல் 51 போனால் 45. ஏன் சார், 51 கிலோ ஆள் 45 கிலோ நாயைத் தூக்கினாரா? அவர் இடுப்புக்கு ஒரு தைலம் வாங்கிக்கொண்டு போங்க. இங்கே கேட்காதீங்க, இங்கே இருப்பது மாட்டுக்கு.

சார்: 45 நல்ல எடைதானே? பார்க்கக் கம்பீரமாக இருக்கும்.

அம்மா: ஆண் லேப்ரடாருக்கு 36-க்கு மேல் போகக் கூடாது. மீதி 9 கிலோவை யார் கழிப்பது?

சார்: வாட்ச்மேனை இன்னும் அரைமணி நேரம் கூட்டி நடக்கச் சொல்கிறேன்.

அம்மா: அவர் 42 ஆகிவிடுவார். நாய் 45-லேயே நிற்கும். போனைக் கொடுங்க இப்படி. ...அண்ணே, வணக்கம். ரேபிஸ் ஊசி எப்போது போட்டது? ...மார்ச் 12-ஆ, அட்டை உங்க டிபன் டப்பாப் பையிலேயே இருக்கா? நல்லது. கழிச்சல் உண்டா? ...நேற்றிலிருந்து இல்லை, சரி. வெயிலில் கூட்டிப் போறீங்களா? ...தார் ரோடு சுடுமுன்னே ஆறு மணிக்கே முடித்துடுவீங்க. பாயசம் வந்தால்? ...திராட்சையெல்லாம் பொறுக்கி எறிந்துட்டுத்தான் வைப்பீங்களா? நீங்க நல்லா இருக்கணும் அண்ணே.

(போனைத் திருப்பித் தந்துவிட்டு, நாலு மாத்திரையை எண்ணி வைத்து, ஐந்தாவதைக் கத்தரியால் சரிபாதியாக வெட்டினார்.)

சார்: எவ்வளவும்மா? கழிவு ஏதாவது உண்டா?

அம்மா: அதைத்தான் மாமி வாசலில் விட்டுவிட்டு வந்தீங்களே.

சார்: விலையில் கேட்டேன்!

அம்மா: மாத்திரைக்குக் கிடையாது. அள்ளுகிற பை ஒரு கட்டு வாங்கினால் அதற்குப் பத்து ரூபாய் கழிவு.

சார்: அள்ளுகிற பையா? (வாசலைப் பார்த்து, தணிந்த குரலில்) வாட்ச்மேன் அள்ளுவாரா?

அம்மா: கேட்டுப் பாருங்க. முதுகு ஒத்துக்காது என்று சொன்னாலும் சொல்வார்.

(பை வாங்கினார். அதையும் போட்டோ எடுத்தார், யாருக்கு அனுப்ப என்று சொல்லத் தேவையில்லை.)

சார்: சரி, அடுத்த பூச்சி மாத்திரை எப்போது?

அம்மா: மூன்று மாதம் கழித்து.

சார்: எதிலிருந்து?