ஒரு கேள்வி கேட்டேன், ஊர் உபதேசம் கிடைத்தது

கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் வாகன இன்சூரன்ஸ் புதுப்பித்துக் கொடுக்கும் சின்ன ஆபிஸ் எங்களுடையது. "நீதான் கம்ப்யூட்டர்ல வேகமா தட்டுறியே, ஒரு டேட்டாபேஸ் போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டு முதலாளி தே தாரேக் குடிக்கப் போய்விட்டார். தட்டுவதற்கும் டேட்டாபேஸுக்கும் என்ன சம்பந்தம்? சரி, ஆளுக்கொரு நிறம் பூசி வைத்திருக்கும் எக்செல் பட்டியலோடு மல்லுக்கட்டுவதைவிட இது மேல் என்று மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸைத் திறந்தேன். தெரியாததை இணையத்தில் கேட்டுக்கொள், உதவ ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்றார்கள். இருக்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

நான் கேட்டது இவ்வளவுதான்: ஐசி (அடையாள அட்டை) எண்ணை எக்செல்லிலிருந்து கொண்டுவரும்போது ஏன் உதைக்கிறது? உடனே ஒருவர், "ஆக்சஸை ஏன் தொடுகிறீர்கள், போஸ்ட்கிரெஸ் போடுங்கள்" என்றார். அது சர்வரில் ஓடும் பெரிய டேட்டாபேஸ். ஐயா, எங்கள் ஆபிஸில் பிரிண்டருக்குத் தாள் போடவே ஆள் தேட வேண்டியிருக்கிறது. சர்வரை யார் பார்த்துக்கொள்வது? இன்னொருவர், முதலில் நார்மலைசேஷன், அதாவது ஒரே தகவல் பல இடத்தில் வராதபடி டேபிள்களைப் பிரிக்கும் முறை, படித்துவிட்டு வா என்று 1970இல் ஐபிஎம்மின் எட்கர் காட் எழுதிய கட்டுரையைக் கையில் திணித்தார். காட் பெரிய மனிதர்தான், கும்பிடுகிறேன். ஆனால் கவுண்டரில் ஆள் நிற்கிறாரே!

உச்சம் எது தெரியுமா? "எண் என்றால் நம்பர் வகை, இதுகூடத் தெரியாதா?" என்றாரே ஒருவர், அதுதான். தெரியாமல் பேசியது அவர். நம் ஐசி 12 இலக்கம். நம்பர் என்றதும் ஆக்சஸ் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் லாங் இன்டிஜர் என்ற முழு எண் வகை 2,147,483,647ஐத் தாண்டாது. போதாக்குறைக்கு, 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் ஐசி, பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் முன்னால் வருவதால், பூஜ்யத்தில் தொடங்கும். எண்ணாக வைத்தால் அந்தப் பூஜ்யம் காணாமல் போய்விடும். கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் ஷார்ட் டெக்ஸ்டாக, அதாவது வெறும் எழுத்தாக வை. ஒரே வரி! இதைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

பெயர் கதை இன்னும் மோசம். யாரோ அன்பாகக் கொடுத்த மாதிரிக் கோப்பில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். குமார் ஏ/எல் முனியாண்டியை, அதாவது முனியாண்டி மகன் குமாரை, எங்கே வெட்டுவது? சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். மலாய்க்காரர்களுக்கு நடுவில் பின் (மகன்), பிந்தி (மகள்). கேட்டால் "உலக வழக்கம் இதுதான்" என்கிறார். எந்த உலகம்? அந்தக் கோப்பு அச்சடித்த நினைவூட்டல் கடிதம் "அன்புள்ள திரு முனியாண்டி" என்று போய்ச் சேர்ந்தது. குமார் போனில் கத்தினார்: "எங்கப்பா செத்துப் பல வருஷமாச்சு, அவருக்கு எதுக்குங்க ரோட் டாக்ஸ்?" ஐசியில் உள்ளபடி முழுப் பெயருக்கு ஒரு கட்டம், கூப்பிடும் பெயருக்கு இன்னொன்று. இவ்வளவுதான் தேவைப்பட்டது.

அப்புறம் தேதி. திரையில் நாள், மாதம், ஆண்டு என்று சமர்த்தாகத் தெரியும். ஆனால் டேட்டாபேஸுக்குக் கட்டளை கொடுக்கும் எஸ்கியூஎல் வரியில் # குறிகளுக்கு நடுவே 03/04/2025 என்று எழுதினால், அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 25/04 என்றால் 25ஆம் மாதம் கிடையாது என்பதால் ஒழுங்காகப் புரிந்துகொள்ளும். ஆக, 12ஆம் தேதிவரை வம்பு, அதற்குமேல் சரி, எச்சரிக்கை எதுவும் வராது. இன்சூரன்ஸ் முடியும் நாளை ஒரு மாதம் தள்ளிப் படித்தால் போலீஸ் ரோட் ப்ளாக்கில் மாட்டுவது நானா? வாடிக்கையாளர்! 2025-04-03 என்று ஆண்டை முன்னால் போட்டால் தகராறே இல்லை. இதையும் நானே குடைந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதற்கு நடுவில் ஒரு புண்ணியவான், "கோப்பை அப்படியே ஏற்றிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்றார். உள்ளே இருப்பது ஊராருடைய ஐசி, வீட்டு முகவரி, கைப்பேசி எண். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ன, சுவரில் மாட்டி அழகு பார்க்கவா?

இப்போது சிக்கி நிற்பது இதில்: ஒரு லோரி அப்பா பேரிலிருந்து மகன் பேருக்கு மாறுகிறது. பழைய பாலிசிகள் அப்பா பேரிலேயே நிற்க வேண்டும், லோரி மட்டும் மகனிடம் போக வேண்டும். இதற்கு டேபிள்களை எப்படிப் பிரிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸ் என்று ஆரம்பிக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.